அட்டைகளில் இருந்த இரண்டு எழுத்துகள்

என் மனைவி இறந்து ஏழு மாதங்கள் கழிந்த பின், ஒரு சனிக்கிழமை காலை, அவள் விட்டுச்சென்ற கல்முனைகளுக்குப் பெயர்ச்சீட்டு எழுத உட்கார்ந்தேன். கல்முனைகள், அதாவது கல்லில் செதுக்கிய ஆயுத முனைகள், என்று பழக்கத்தால் சொல்கிறேன். அவை ரெசினில் வார்த்து, கல்லின் நிறம் பூசிய நகல்கள். மூலங்கள் கனடாவின் வடமேற்கில், மரங்கள் ஆள் உயரத்துக்கு மேல் வளர மறுக்கும் நிலத்தில், ஓர் ஊரின் மரபுரிமை மையத்தில் இருக்கின்றன. அவை அந்த நிலத்து மக்களின் முன்னோர் செய்தவை. நியூ ஜெர்சியில் அவள் வேலை பார்த்த பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்கு அளப்பதற்காக வந்து, அளந்து முடிந்ததும் உரியவர்களிடமே திரும்பிப் போயின. போவதற்கு முன், அவர்களுடைய அனுமதியோடு, ஒவ்வொன்றையும் அவள் நகலெடுத்தாள்.

அந்த நகல்களை ஊர்க் குழந்தைகள் கையில் எடுத்துப் பார்ப்பதற்காக அனுப்பிவைப்பதாக அவள் வாக்களித்திருந்தாள். மூலங்கள் கண்ணாடிக்குள் இருப்பவை. நகலைக் கீழே போடலாம், சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே ஓடலாம், பாதகமில்லை. ஒவ்வொன்றுடனும் அது எந்த ஆயுதத்தின் முனை என்று ஒரு சீட்டு இருக்க வேண்டும் என்பது மட்டும் அவர்களுடைய வேண்டுகோள். அவள் முடிக்காமல் விட்ட வேலைகளில் என்னால் செய்யக்கூடியதாக இருந்தது இது ஒன்றுதான். நான் உலோகவியல் படித்தவன். முப்பது ஆண்டுகள் துருவைப் பற்றி ஆராய்ந்து ஓய்வுபெற்றவன். கல்லைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவளிடம் கேட்டுத் தெரிந்ததே. ஆகவே கவனமாக இருக்க விரும்பினேன். நான் தவறாகப் பெயரிட்டால், அவள் பெயரால் அங்கே ஒரு வகுப்பறை தவறாகக் கற்கும்.

எது எதனுடைய முனை என்ற கேள்வியைச் சற்று விளக்க வேண்டும். அந்த நாட்டில் கோடை வந்தால் கரிபூ என்னும் பெரிய மான்கள், ஈக்கும் கொசுவுக்கும் தப்ப, மலைச்சரிவுகளில் உருகாமல் எஞ்சியிருக்கும் பனித்திட்டுகளில் ஏறி நிற்கும். அது தெரிந்த வேட்டைக்காரர்கள் அங்கே காத்திருப்பார்கள். குறி தப்பிய ஆயுதம் பனிக்குள் புதைந்துபோகும். தண்டு, நரம்புக் கட்டு, இறகு உட்படப் பனி அதைக் காத்து வைத்திருக்கும். இப்போது பனி உருகுகிறது. ஆயுதங்கள் வெளியே வருகின்றன. பல்லாயிரம் ஆண்டுகளாக அம்மக்கள் எறிந்தது மெலிந்து நீண்ட ஒரு வேல். அதை வெறுங்கையால் எறிவதில்லை. முழ நீளப் பலகை ஒன்றின் நுனியிலுள்ள கொக்கியில் வேலின் அடியைப் பொருத்தி, பலகையைத் தோளுக்கு மேலே சுழற்றுவார்கள். கை இன்னொரு முழம் வளர்ந்ததற்கு ஒப்பாகும் அது. பிறகு, ஆயிரம் ஆண்டுகளுக்குச் சற்று முன்பு, வில் வந்தது. எறிவேலுக்கு ஆள் எழுந்து நின்று உடம்பை வீச வேண்டும், மான் பார்த்துவிடும். வில்லுக்குக் கற்குவியலின் பின்னால் மண்டியிட்டபடியே இருந்தால் போதும். ஊரே திரண்டு போன வேட்டைக்கு ஒருவர் தனியாகவும் போகலாம் என்றாகிவிட்டது அப்போதுதான் என்று கருதுகிறவர்கள் உண்டு.

அம்பு மெலிது, அதன் முனை சிறிது; எறிவேல் அதைவிடத் தடிப்பு, அதன் முனை பெரிது. பெரியவற்றிலும் சிறியவற்றிலும் ஐயமில்லை, நானே பார்த்துச் சொல்லிவிடுவேன். இரண்டுக்கும் நடுவே சில உண்டு. தண்டோடு சேர்த்துக் கட்டும் கழுத்துப் பகுதியை எத்தனை முறை அளந்தாலும் எந்தப் பக்கமும் சாயாதவை. என் மனைவி தன் கடைசிப் பத்து ஆண்டுகளை அந்த நடுத்தரத்தோடு கழித்தாள். வில் வந்ததும் எறிவேலைக் கைவிட்டார்கள் என்று எவராவது ஒரே வாக்கியத்தில் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது.

“பழசை யாருங்க ஒரே நாள்ல கீழ வெப்பாங்க?” என்று கேட்பாள். அவள் கோயம்புத்தூர்க்காரி, நாற்பது ஆண்டு அமெரிக்க வாழ்க்கை அவள் பேச்சைத் தொடவில்லை. “நீங்களே பாருங்க. ஃபோன்ல ஜிபிஎஸ் போட்டுட்டு, மடியில மேப்பையும் விரிச்சு வெச்சுக்கறீங்க. ரெண்டாயிரம் வருசம் கழிச்சு நம்ம காரைத் தோண்டி எடுத்தா என்னன்னு எழுதுவாங்க?”

“ஓட்டுனவர் ஜாக்கிரதையான ஆள்னு எழுதுவாங்க.”

“ஓட்டுனது நானுங்க. நீங்க பக்கத்துல உக்காந்து பயந்துட்டு இருந்தீங்க.”

அவளிடம் அளக்க வந்தவை எல்லாம் அந்த நடுத்தர முனைகளே; அவற்றின் நகல்கள் நாற்பத்தொன்றும் எங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருந்தன. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, சிறு சிறு அறைகளுள்ள பெட்டி ஒன்று அவளுக்கு உடனே வேண்டியிருந்தது. கடுகையும் வெந்தயத்தையும் செய்தித்தாளில் கொட்டிவிட்டு அதை எடுத்துக்கொண்டாள். மறுநாள் திருப்பித் தருவதாகச் சொன்னாள். பிறகு நான் பக்கத்து ஊர் ஐசலினுக்குப் போய் வேறொரு பெட்டி வாங்கிவந்தேன். எத்தனை முறை கழுவினாலும் அந்த நகல்களில் வெந்தயத்தின் வாசனை இருந்துகொண்டே இருந்தது.

பெட்டியோடு ஒரு கட்டு அட்டைகளும் இருந்தன. ஒவ்வோர் அட்டையிலும் முனையின் எண், பென்சிலால் வரைந்த அதன் உருவம், அளவுகள், வலது மூலையில் ஒரு தமிழ் எழுத்து. சிலவற்றில் ‘அ’, சிலவற்றில் ‘வி’. ஓர் அட்டையில் மட்டும் இரண்டும், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

அந்த எழுத்துகளை அவள் தமிழில் எழுதியதற்குக் காரணம் உண்டு. ஒரு முனை எதனுடையது என்று அவள் முடிவு செய்த பிறகு, மாணவர்கள் அதை மறுபடியும் அளப்பார்கள். அவளுடைய முடிவு அவர்களுக்குத் தெரிந்திருந்தால் அளவுகோல் அந்தப் பக்கமே சாயும். எனவே அந்தக் கூடத்தில் வேறு யாராலும் படிக்க முடியாத எழுத்தில் அவள் தன் முடிவை எழுதிவைத்தாள். ஒரு மாணவி ‘வி’யைப் பார்த்து, இது நத்தையின் படமா என்று கேட்டாளாம். ஆமாம் என்று சொன்னதாக அன்று இரவுச் சாப்பாட்டின்போது என்னிடம் சொல்லிச் சிரித்தாள். எழுத்துகள் எதைக் குறித்தன என்பதை நோட்டுப் புத்தகம் எதிலும் அவள் எழுதிவைக்கவில்லை. கூடத்தில் கேட்டேன். அந்த முனைகளைப் பற்றி அவள் எதையும் வெளியிடவில்லை, இன்னும் நிறைவாகவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தாள் என்றார்கள்.

அவள் கடைசி ஆறு வாரங்கள் வீட்டின் முன்னறையில் படுத்திருந்தாள். அந்தப் பெட்டியும் அட்டைகளும் கட்டிலின் பக்கத்து மேசையில்தான் இருந்தன. சில காலைகளில் ஒரு முனையை எடுத்து, கட்டை விரலால் அதன் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு வைப்பாள். நான் மருந்து நேரங்களைக் குறித்த தாளுடன் அருகில் இருப்பேன். வலிக்கிறதா என்று கேட்டேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். இந்த எழுத்துகள் என்ன என்று கேட்பதற்கு நாற்பத்திரண்டு நாட்கள் இருந்தன.

இனி அந்தச் சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எறிபலகைக்கு ஆய்வாளர்கள் வழங்கும் சொல் அட்லாட்ல். அது மெக்சிகோவின் பழைய மொழி ஒன்றிலிருந்து வந்தது. பனிநாட்டு மக்களுக்கும் அந்தச் சொல்லுக்கும் தொடர்பில்லை என்பது என் மனைவிக்கு ஓர் உறுத்தல். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐசலின் ஓக் ட்ரீ ரோட்டில் ஓர் உணவகத்தின் வாசலில், பெயரைக் கொடுத்துவிட்டு மேசைக்காகக் காத்திருந்தோம். வாசலில் இருபது பேர் நின்றிருந்தார்கள்.

“ஏனுங்க,” என்றாள், “அந்தப் பலகைல வெச்சு எறியற வேலுக்குத் தமிழ்ல ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்களே. எறிவேல்னா கையால எறியறதுன்னு நெனச்சுக்குவாங்க.”

“எதுக்கு?”

“சும்மாதான். எனக்கு நானே சொல்லிக்கறதுக்கு.”

வீட்டுக்கு வந்து அகராதியை எடுத்தேன். இரண்டு நாட்கள் தேடியபின் ‘விட்டேறு’ என்ற சொல்லைக் கண்டேன். எறிகோல் என்று பொருள் தந்திருந்தார்கள். விட்டு எறியப்படுவது என்பது சொல்லின் உருவத்திலேயே கேட்கிறது. கையை விட்டுப் போகிறது, ஆனால் எறிகிறவனின் விசையோடு போகிறது. பலகையின் வேலையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது என்று நினைத்தேன். ஒரு தாளில் எழுதி அவளிடம் கொடுத்தேன். எனக்குச் சற்றுப் பெருமையாகவே இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவள் தாளைப் பார்த்தாள். பிறகு அகராதியைக் கொண்டுவரச் சொல்லி, அந்தப் பக்கத்தைத் தானே படித்தாள்.

“இங்க இன்னொரு அர்த்தமும் போட்டிருக்குதே, அதை ஏன் சொல்லல?”

“என்ன?”

“இகழ்ச்சிச் சொல்லாம்.” அவள் சிரிக்கத் தொடங்கிவிட்டாள். “அப்ப முப்பது வருசமா இந்த வீட்ல எறிஞ்சுட்டு இருக்கறது நீங்கதான். நான் எதுக்குப் பனிமலைக்குப் போய்த் தேடோணும்?”

அன்றிலிருந்து அந்தச் சொல் எங்கள் வீட்டில் வேறொரு வேலைக்குப் போய்விட்டது. குழம்பில் உப்பு குறைவு என்று நான் சொன்னால், “வந்துருச்சு பாரு, ஒரு விட்டேறு” என்பாள். விருந்தாளிகள் முன்னிலையில் என் விமரிசனம் சற்று நீண்டால், கையைத் தோளுக்கு மேலே உயர்த்திப் பலகையைச் சுழற்றுவதுபோல் ஒரு சைகை காட்டுவாள், மற்றவர்களுக்குப் புரியாது. நானும் சிரித்தேன். ஆயினும் அவளுடைய ஆய்வுத் தாள்களில் அந்தச் சொல்லை நான் கண்டதில்லை. நான் தந்ததை அவள் விளையாட்டுக்கு மட்டும் வைத்துக்கொண்டாள் என்று முடிவு செய்தேன். அது ஒரு சிறு குறை. அவளிடம் அதைப் பற்றிப் பேசியதில்லை.

சனிக்கிழமைக்குத் திரும்புகிறேன். என் மகள் கலிஃபோர்னியாவின் சான் ரமோனிலிருந்து வந்திருந்தாள். எடிசனில் இருக்கும் இந்த வீட்டை விற்றுவிட்டு நான் அவளோடு வந்துவிட வேண்டும் என்பது அவள் விருப்பம். இந்தப் பெட்டி வடக்கே போகட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருந்தேன். அவள் காப்பிக் கோப்பையுடன் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று அட்டைகளைப் பார்த்தாள்.

“அ, வி,” என்று படித்தாள். “சிம்பிள்பா. அ ஃபார் அம்பு.”

“அப்ப வி?”

“வி ஃபார்… வேல்?”

“வேல் ‘வே’ல ஆரம்பிக்கும்.”

“ஓகே, ஓகே. தமிழ் ஸ்கூல்ல ஐ வாஸ் லாஸ்ட் பெஞ்ச்.”

நான் என் வாதத்தை அவளுக்கு விளக்கினேன். ‘வி’ என்பது வில். ‘அ’ என்பது அட்லாட்ல். இரண்டும் ஆயுதத்தைச் செலுத்தும் கருவிகளின் பெயர்கள். கருவிக்கு எதிரே கருவி, இணை சரியாக அமைகிறது. கூடத்தில் எல்லாரும் நாள்தோறும் வழங்கிய சொல் அட்லாட்ல் என்பதால் அதன் முதலெழுத்தை அவள் எடுத்துக்கொண்டது இயல்பு.

“ஃபைன்,” என்றாள். “பட் வாட் இஃப் இட்ஸ் அம்பு?”

அவள் கேட்டபோது வேறொரு விடையும் எனக்குத் தோன்றியது. ‘அ’ அம்பு என்றால், ‘வி’ விட்டேறாக இருக்கலாம். அப்படியும் இணை சரியாகவே அமையும்: எய்யப்படுவதற்கு எதிரே எறியப்படுவது. அந்த விடையை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை நான் விரும்பினேன் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. நாம் விரும்பும் முடிவை மற்ற முடிவுகளைவிட இருமடங்கு ஐயப்பட வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அந்தச் சொல்லை அவள் எழுதி நான் ஒருபோதும் பார்த்ததில்லை என்பது சான்று. அவள் அதைக் கேலிக்கு மட்டும் பயன்படுத்தினாள் என்பது சான்று. எதிர்ப்பக்கத்தில் என் விருப்பத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்த விடையைத் தள்ளினேன். மகளிடம் அதைப் பற்றிச் சொல்லவுமில்லை.

மாலைக்குள் சீட்டுகளை எழுதி முடித்தேன். ‘வி’ உள்ளவற்றுக்கு அம்பு முனை என்றும், ‘அ’ உள்ளவற்றுக்கு எறிவேல் முனை என்றும் ஆங்கிலத்தில். இரண்டெழுத்தும் உள்ள ஒன்றுக்கு, தெரியவில்லை என்று. மகள் பெட்டியைக் கட்டுவதற்கு உதவினாள். அஞ்சறைப் பெட்டியோடேயே அனுப்பிவிட்டோம். அட்டைகளை மட்டும் நான் வைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை முற்பகல், வடக்கிலிருந்து தொலைபேசி வந்தது. மரபுரிமை மையத்தில் பொருள்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி. என் மனைவியோடு பல ஆண்டுகள் கடிதம் எழுதியவர். நான் அவரோடு பேசியது அதுவே முதல் முறை. ஆங்கிலத்தில் பேசினோம். முதலில் இரங்கல் சொன்னார். பிறகு சற்றுத் தயங்கினார்.

“ஒண்ணு கேக்கணும். உங்க பெட்டியைத் திறந்ததுலேருந்து ஆபீஸ் முழுக்க ஒரு வாசனை. என் அசிஸ்டன்ட் மத்தியானச் சாப்பாட்டை ரெண்டு தடவை தேடிட்டான்.”

“வெந்தயம்,” என்றேன். “அது சமையலறைப் பெட்டி. மன்னிக்க வேண்டும்.”

“மன்னிப்பு எதுக்கு? பிள்ளைங்க முனையை எடுத்து முதல்ல மோந்துதான் பாக்கறாங்க.” குரல் சற்று மாறியது. “இன்னொண்ணு. உங்க முப்பத்தேழாம் நம்பர். அம்பு முனைன்னு எழுதியிருக்கு.”

“ஆமாம்.”

“அது அம்பு இல்லை.”

அவர் விளக்கினார். அந்த முனையின் மூலம் பனித்திட்டின் ஓரத்தில் தனியாகக் கிடைத்தது. என் மனைவி அதை அளந்து, நகலெடுத்து, திருப்பி அனுப்பிய பிறகு, இரண்டு கோடைகள் கழித்து, அதே இடத்தில் பனி இன்னும் பின்வாங்கியபோது, அதன் தண்டு கிடைத்தது. மூன்று துண்டுகளாக. முனையின் உடைந்த ஓரம் தண்டில் எஞ்சியிருந்த சில்லோடு பொருந்தியது. “நான் அன்னைக்கு அங்க இருந்தேன். என் மாமாதான் எடுத்தார். அம்பா இருந்தா அடியில நாண் உக்கார ஒரு வெட்டு இருக்கணும். இதுல வெட்டு இல்லை. சின்னக் குழி. கொக்கி போய் உக்கார்ற குழி.”

நாணைக் கவ்வும் அந்த வெட்டுக்குத் தமிழில் குதை என்று பெயர். அவர் பேசிக்கொண்டிருந்தபோது அந்தச் சொல்தான் என் நினைவில் ஓடியது.

“அட்டைகளைப் பார்த்துவிட்டு வருகிறேன்,” என்றேன். “காத்திருக்க முடியுமா?”

“இன்னைக்கு மழை. எங்கயும் போகல.”

அட்டைக் கட்டு மேசையிலேயே இருந்தது. முப்பத்தேழாம் அட்டையை எடுத்தேன். மூலையில் ‘வி’. திரும்பி வந்து, இந்த முனைகளில் தண்டோடு சேர்ந்தது வேறு ஏதாவது பின்னர் கிடைத்ததா என்று கேட்டேன். பக்கங்களைப் புரட்டும் ஓசை கேட்டது.

“பன்னிரண்டாம் நம்பர். பாதித் தண்டுதான், ஆனா அடி இருக்கு. அதுல வெட்டு இருக்கு. அது அம்பு. நீங்க எறிவேல்னு போட்டிருக்கீங்க. அதையும் கேக்கலாம்னு இருந்தேன்.”

பன்னிரண்டாம் அட்டையில் ‘அ’ இருந்தது. ஒரு கோட்டை வரைய இரண்டு புள்ளிகள் போதும்.

“தவறு என்னுடையது,” என்றேன். “அவள் தன் முடிவுகளை எங்கள் மொழியின் எழுத்துகளில் எழுதியிருந்தாள். நான் எழுத்துகளைத் தலைகீழாகப் படித்துவிட்டேன். எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். அம்பை எறிவேல் என்றும், எறிவேலை அம்பு என்றும்.”

“எல்லாத்தையுமா?”

“தெரியவில்லை என்று எழுதிய ஒன்றைத் தவிர.”

“அப்ப அவங்க முப்பத்தேழை எறிவேல்னுதான் சொல்லியிருக்காங்க. தண்டு கிடைக்கறதுக்கு முன்னாடியே.”

“ஆமாம்.”

“வெறும் கல்லைப் பாத்து.”

“ஆமாம்.”

மறுமுனையில் அவர் யாரிடமோ தம் மொழியில் ஏதோ சொன்னார். ஒரு சிரிப்பு கேட்டது. “என் மாமா இங்கதான் இருக்கார். அந்தத் தண்டு கிடைச்ச சேதியை நான்தான் அவங்களுக்கு எழுதறேன்னு சொன்னேன். எழுதவே இல்லை. அதைச் சொல்லித் திட்டறார்.” பிறகு கேட்டார்: “அந்த எழுத்து, முழு வார்த்தை என்ன?”

விட்டேறு என்று சொன்னேன். அவர் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். கடைசி எழுத்தில் நாக்கு வழுக்கியது. நான் மறுபடியும் சொன்னேன். பல ஆண்டுகளாக நான் அந்தச் சொல்லை அதன் முதற்பொருளில் உரக்கச் சொன்னதில்லை என்பது அப்போது புரிந்தது.

“எங்க மொழியிலயும் அதுக்கு ஒரு வார்த்தை இருக்கு. சீட்டுல அதுதான் முதல்ல வரும்,” என்றார். “அதுக்குக் கீழ இங்கிலீஷ். அதுக்கும் கீழ உங்களோடது. அவங்க கையெழுத்துலயே அனுப்ப முடியுமா?”

முயல்கிறேன் என்று சொல்லி வைத்தேன்.

அதன்பின் சற்று நேரம் நாற்காலியிலேயே இருந்தேன். அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டதை அவள் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று யோசித்தேன். அட்டையில் எழுதும் முடிவு யாருக்கும் தெரியக் கூடாது என்ற அவள் நியதியால் இருக்கலாம். அல்லது அதில் சொல்வதற்கு எதுவும் இருப்பதாக அவளுக்குத் தோன்றாமல் இருக்கலாம். சொல் தேவைப்பட்டது, நான் கொடுத்தேன், எடுத்துக்கொண்டாள், வேலையைத் தொடர்ந்தாள். தனக்குத் தானே சொல்லிக்கொள்வதற்கு என்றுதான் அவள் ஓக் ட்ரீ ரோட்டில் கேட்டிருந்தாள். கேட்டதை அப்படியே செய்திருக்கிறாள். அட்லாட்ல் என்ற சொல் அவளுக்குப் பிடிக்காது என்பதை நான் அறிவேன். சனிக்கிழமை என் சான்றுகளைத் தொகுத்தபோது அந்த ஒன்றை மட்டும் சேர்க்க மறந்திருக்கிறேன்.

மகளை அழைத்தேன். சான் ரமோனில் அப்போதுதான் அலுவலகம் தொடங்கும் நேரம். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். இம்முறை, நான் தள்ளிவிட்ட விடையையும் சேர்த்துச் சொன்னேன்.

“ஸோ பேசிக்கலி,” என்றாள் நிதானமாக, “யூ பியர்-ரிவ்யூட் அம்மா, அண்ட் யூ காட் இட் ராங்.”

“ஆமா.”

“அண்ட் ஐ வாஸ் ரைட். அ ஃபார் அம்பு. லாஸ்ட் பெஞ்ச்.”

“ஆமா.”

“அம்மா வுட் ஹாவ் லவ்ட் திஸ்.”

பிறகு கேட்டாள்: “வெயிட், விட்டேறா? கிச்சன்ல சொல்வாங்களே, வந்துருச்சு பாரு ஒரு விட்டேறுன்னு. ஐ தாட் இட் வாஸ் அ கோயம்புத்தூர் திங்.”

“இல்ல. அது அகராதிலேருந்து வந்தது.”

“நீங்க குடுத்ததா?”

“நான் குடுத்தது.”

அவளுடைய பக்கத்தில் கதவு ஒன்று திறந்து மூடியது. யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். “மீட்டிங்பா. ஈவ்னிங் கால் பண்றேன். அந்த கார்ட்ஸை மூவர்ஸ் பாக்ஸ்ல போடாதீங்க, ஓகே? கையில எடுத்துட்டு வாங்க.” சான் ரமோனுக்கு வருவேன் என்று நான் அதுவரை உறுதியாகச் சொன்னதில்லை. சரி என்றேன்.

மூல ஆவணத்தில் பிற்காலத்தவர் எதையும் எழுதக் கூடாது என்பது எந்தத் துறையிலும் விதி. ஆகவே மறுநாள் அட்டைகளை எடுத்துப்போய், கடையில் தடித்த தாளில் ஒவ்வொன்றையும் அதே அளவில் நகலெடுத்துவந்தேன். முனைகளின் மூலங்கள் வடக்கே இருந்தன, நகல்கள் எங்களிடம் இருந்தன. அட்டைகளுக்கு அது மாறி அமைந்தது: மூலங்கள் என்னிடம் இருக்கும், நகல்கள் வடக்கே போகும். அவளுடைய பென்சில் கோடுகள் நகலில் சற்றுக் கறுத்து விழுந்திருந்தன. சாய்வும் அழுத்தமும் அப்படியே இருந்தன. ‘வி’யின் தலைமேல் வளையும் மேல்விலங்கை அவள் எப்போதும் அவசரமாக இழுத்து, எழுத்தைத் தாண்டி விட்டுவிடுவாள்.

சமையலறை மேசையில் வெளிச்சம் நன்றாக இருந்தது. கறுப்பு மையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ‘அ’ உள்ள நகல்களை முதலில் முடித்தேன். அவளுடைய ‘அ’வை அடுத்து ‘ம்பு’ என்று எழுதுவதில் சிரமம் இல்லை. கேள்விக்குறி உள்ள அட்டையில் ஒன்றும் எழுதவில்லை. பிறகு முப்பத்தேழை எடுத்து, அவளுடைய எழுத்துக்குப் பக்கத்தில் இடைவெளி விடாமல் ‘ட்டேறு’ என்று எழுதினேன். என் எழுத்து அவளுடையதைவிடச் சிறியது. அதனால் சொல் வலப்பக்கம் போகப்போகச் சுருங்குவதுபோல் தெரிந்தது. அதைத் திருத்தவில்லை. மை காய்வதற்காக அட்டையைத் தள்ளி வைத்துவிட்டு, அடுத்ததை எடுத்தேன்.